பையில் 2 ரூபாயும் 5 ரூபாயும்: இயற்கணித வடிவியல் ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கு

மே மாதம் ஊருக்கு வந்தால் இரண்டு மூன்று பேராவது தேடி வருவார்கள். பி.எஸ்சி. கடைசி ஆண்டு, இல்லையென்றால் எம்.எஸ்சி. முதலாண்டு. தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் எல்லாரும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்பார்கள்: "சார், நெட் பாஸ் பண்ணிட்டா ஆராய்ச்சிக்குப் போயிடலாமா?" நெட் என்பது ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேசியத் தகுதித் தேர்வு. போகலாம். ஆனால் அந்தக் கேள்வி நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்க வேண்டியது. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் அவற்றையே திரும்பத் திரும்பச் சொல்வதால் இந்த முறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

இது பரிமாற்று இயற்கணிதம், இயற்கணித வடிவியல் என்ற இரண்டு துறைகளுக்கான வழிகாட்டி. வகுப்பில் கம்யூட்டேட்டிவ் அல்ஜீப்ரா, அல்ஜீப்ராயிக் ஜியாமெட்ரி என்று சொல்கிறோமே, அவைதான். பகுப்பாய்வுக்கோ புள்ளியியலுக்கோ போகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தும், பாதி பொருந்தாது.

முதலில், இது பிடிக்கிறதா என்று பாருங்கள்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் வருகிறீர்கள். சட்டைப் பையில் 2 ரூபாய் நாணயமும் 5 ரூபாய் நாணயமும் வேண்டிய மட்டும் கிடக்கின்றன, வேறு காசு இல்லை. கண்டக்டரிடம் சில்லறை கிடையாது (எப்போது இருந்தது?). சரியாக எண்ணிக் கொடுக்க முடிகிற தொகைகள் எவை? 2 முடியும். 4, 5, 6 முடியும். 5-ம் 2-ம் சேர்ந்து 7. 4-லிருந்து மேலே எல்லாமே முடியும். முடியாதவை 1, 3 இரண்டுதான்.

இனி இதையே இயற்கணிதமாகப் பார்க்கலாம். டி என்று ஒரு மாறி. டி²-ஐயும் டி⁵-ஐயும் வைத்துக்கொண்டு கூட்டியும் பெருக்கியும் உண்டாக்க முடிகிற பல்லுறுப்புக் கோவைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வளையம், அதாவது கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் வெளியே போகாத தொகுப்பு. இதில் டி⁴ உண்டு, டி⁷ உண்டு. டி-யும் டி³-ம் தனியாக வராது. எக்ஸ் = டி², ஒய் = டி⁵ என்று வைத்துத் தாளில் வரைந்தால் ஒய்² = எக்ஸ்⁵ என்ற வளைவு கிடைக்கும். வழவழப்பாக வந்துகொண்டிருந்த கோடு ஆதிப்புள்ளியில் முள் மாதிரி கூராகித் திரும்பிவிடும். வடிவியல்காரர் அந்த முள்ளைப் பார்க்கிறார். இயற்கணிதக்காரர் காணாமல் போன டி, டி³ இரண்டையும் பார்க்கிறார். இருவரும் பார்ப்பது ஒன்றைத்தான். காணாமல் போனவை எத்தனை என்பது அந்த முள் எவ்வளவு மோசம் என்பதற்கு ஓர் அளவு.

எந்த எண்ணிலிருந்து விடுபடாமல் எல்லாத் தொகையும் முடிகிறதோ, அந்த எண்ணுக்கு (இங்கே 4) இந்தத் துறையில் வைத்திருக்கும் பெயர் கண்டக்டர். கிண்டல் இல்லை, நிஜமாகவே அதுதான் கலைச்சொல். பஸ்ஸுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இருந்தாலும் அரியாங்குப்பம் தாண்டி நின்றுகொண்டே படித்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன். நிஜக் கண்டக்டர் முறைத்தார்.

இன்னும் கொஞ்சம் தோண்டலாம். முடியாத தொகையை ஓட்டை என்போம், இங்கே பெரிய ஓட்டை 3. கூட்டினால் 3 வரும் ஜோடிகளை எடுங்கள்: 0-ம் 3-ம், 1-ம் 2-ம். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று முடிகிறது, ஒன்று முடியவில்லை. இப்படிச் சமச்சீராக இருந்தால் அந்த வளையம் கோரன்ஸ்டைன் என்ற நல்ல வகையைச் சேர்ந்தது. இரண்டும் ஒன்றே என்று 1970-ல் எர்ன்ஸ்ட் குன்ஸ் நிறுவினார். இப்போது 3, 4, 5 என்று மூன்று நாணயம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முடியாதவை 1, 2. பெரிய ஓட்டை 2 என்பதால் கூட்டினால் 2 வரும் ஜோடிகளைப் பார்க்க வேண்டும். 0-ம் 2-ம் சரி. 1-ம் 1-ம் என்ற ஜோடியில் இரண்டுமே முடியாது. சமச்சீர் போயிற்று, கோரன்ஸ்டைனும் போயிற்று. இந்த வளைவு முப்பரிமாண வெளியில் ஓடுகிறது, இதை விவரிக்க மூன்று சமன்பாடு வேண்டும்: ஒய்² = எக்ஸ்·இசட், எக்ஸ்³ = ஒய்·இசட், இசட்² = எக்ஸ்²·ஒய். எக்ஸுக்கு டி³, ஒய்க்கு டி⁴, இசட்டுக்கு டி⁵ போட்டுச் சரிபாருங்கள்.

மூன்று நாணயம் என்றால் எந்த எண்களாக இருந்தாலும் அதிகபட்சம் மூன்று சமன்பாடு போதும் என்று அதே 1970-ல் யூர்கன் ஹெர்சோக் காட்டினார். அப்படியானால் நான்கு நாணயத்துக்கு? இந்தக் கேள்வியிடம் நான் ஐந்து மாதத்தைத் தொலைத்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்றுவரை யாரும் தீர்க்காத ஒன்றையும் இதே பஸ்ஸில் வைத்துச் சொல்லிவிடலாம். கண்டக்டர் எண்ணுக்குக் கீழே, 0-ஐயும் சேர்த்து, எத்தனை தொகை முடிகிறது என்று எண்ணுங்கள். அதை நாணய வகைகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். (மற்ற நாணயங்களால் கொடுக்க முடிகிற தொகைக்குத் தனி நாணயம் வைத்துக்கொள்ளக் கூடாது.) வருகிற விடை கண்டக்டர் எண்ணைவிடக் குறையவே குறையாதா? 2, 5-க்கு: 0, 2 என்று இரண்டு தொகை, இரண்டு வகை நாணயம், பெருக்கினால் 4. கண்டக்டரும் 4. 3, 4, 5-க்கு: 0 மட்டும், மூன்று வகை, விடை 3. கண்டக்டரும் 3. எப்போதுமே இப்படித்தானா என்று 1978-ல் ஹெர்பர்ட் வில்ஃப் கேட்டார். பல சிறப்பு வகைகளுக்கு நிறுவியிருக்கிறார்கள். முழுதாக இன்னும் யாராலும் முடியவில்லை.

இதைப் படிக்கும்போது உங்கள் கை பேனாவைத் தேடியதா? 4, 7 எடுத்துப் பார்ப்போமே என்று தோன்றியதா? (9 தொகை முடியாது, கண்டக்டர் 18. பார்த்துச் சொல்லுங்கள்.) தோன்றியிருந்தால் மேலே படியுங்கள். "இதனால் என்ன பயன்" என்று மட்டும்தான் தோன்றியது என்றால் அதுவும் நியாயமான கேள்வி. அவர்களுக்கு வேறு நல்ல கணிதத் துறைகள் நிறைய இருக்கின்றன. இந்த ஒரு சோதனைக்கு எந்த நுழைவுத் தேர்வும் ஈடாகாது என்பது என் அபிப்பிராயம்.

என்ன படிப்பது, எப்படிப் படிப்பது

நேரியல் இயற்கணிதம், குலம், வளையம், களம், கொஞ்சம் இடத்தியல். எம்.எஸ்சி. முதலாண்டில் வருகிற இவை கையில் உறுதியாக இருக்க வேண்டும். முக்கியமாக நேரியல் இயற்கணிதம். ஆராய்ச்சியில் நடு ராத்திரி உட்கார்ந்து போடுகிற கணக்குகளில் பெரும்பாலானவை கடைசியில் ஓர் அணியின் தரத்தைக் கண்டுபிடிப்பதில்தான் வந்து முடியும்.

அப்புறம் பரிமாற்று இயற்கணிதம். எல்லாரும் கையில் எடுப்பது அட்டியாவும் மெக்டொனால்டும் 1969-ல் எழுதிய பாடநூல். ஒல்லிப் புத்தகம், 11 அத்தியாயம். ஒல்லியாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள், அதன் உயிர் பயிற்சிக் கணக்குகளில் இருக்கிறது. எம்.எஸ்சி. படித்த இரண்டு வருடமும் தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரி போய்வந்தேன். அந்தப் பயணத்தில் முழுப் புத்தகத்தையும் இரண்டு முறை படித்து முடித்தேன், பயிற்சிக் கணக்கு ஒன்றையும் தொடாமல். நாவல் படிப்பதுபோல. தேற்றங்கள் எல்லாம் மனப்பாடம். அதன் பலன் ஒரு நேர்முகத் தேர்வில் தெரிந்தது.

"நோத்தேரியன் வளையம் என்றால் என்ன?" என்று கேட்டார்கள். கடகடவென்று மூன்று சமான வரையறை சொன்னேன் (ஐடியல் எனப்படும் உட்தொகுப்புகளின் ஏறுவரிசை எங்காவது நின்றே ஆகும் வளையம் என்பது அதில் ஒன்று). "நோத்தேரியன் அல்லாத வளையம் ஒன்று சொல்லுங்கள்." வாயடைத்துப்போனேன். முடிவில்லாமல் மாறிகளைப் போட்டால் போதும், அந்தப் பல்லுறுப்புக் கோவை வளையமே விடை. நான் படித்த புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த வருடம் அங்கே இடம் கிடைக்கவில்லை, அது சரிதான்.

அதற்குப் பிறகு பழகிய முறை இது. நீள வாக்கில் ஒரு நோட்டு. இடப்பக்கம் வரையறை. வலப்பக்கம் அதற்குப் பொருந்துகிற வளையம் ஒன்று, பொருந்தாத வளையம் ஒன்று, இரண்டும் கையால் சரிபார்த்தவை. முழு எண்களின் வளையம் நோத்தேரியன், ஆனால் ஆர்ட்டினியன் (இறங்குவரிசை நின்றே ஆகும் வளையம்) இல்லை. மைனஸ் 5-இன் வர்க்கமூலத்தைச் சேர்த்த வளையத்தில் 6-ஐ இரண்டு விதமாகப் பகுக்கலாம், ஆகவே ஒரே விதமாகப் பகா உறுப்புகளாகப் பிரியும் என்ற விதி அங்கே உடைகிறது. தேற்றம் மறந்தாலும் இந்த வலப்பக்கம் மறக்காது. அந்த நோட்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது, அட்டைதான் போய்விட்டது.

வடிவியலுக்கு வருபவர்கள் ஹார்ட்ஷோர்னின் 1977-ஆம் ஆண்டுப் பாடநூலை வாங்கி, முதல் நாளே ஸ்கீம் (வளைவு, பரப்பு போன்றவற்றை வளையங்களைக் கொண்டே கட்டும் நவீன மொழி) அத்தியாயத்தைத் திறப்பார்கள். மூன்று வாரத்தில் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். வளைவுகளில் தொடங்குங்கள். சமதளத்தில் இரண்டு வளைவுகள் எத்தனை புள்ளியில் வெட்டும், முள்ளிருக்கும் இடத்தில் எப்படி எண்ணுவது, இதெல்லாம் ஆறு மாதம் ஓடட்டும். ஸ்கீம் ஏன் தேவைப்பட்டது என்று தானாகவே உறைக்கும். டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் பழைய விரிவுரைக் குறிப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐஐடிகளின் இலவசப் பாடமான என்பிடெல் காணொளிகளும் இருக்கின்றன. புத்தகத்துக்குச் செலவழிக்கப் பணமில்லை என்பது இன்று பெரிய தடை இல்லை.

மெக்காலே2 என்ற மென்பொருளையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். டேனியல் கிரேசனும் மைக்கேல் ஸ்டில்மனும் உருவாக்கியது, இலவசம், உலாவியிலேயே ஓடும். மேலே சொன்ன 3, 4, 5 வளைவைக் கொடுத்தால் மூன்று சமன்பாட்டையும் கண்மூடித் திறப்பதற்குள் தந்துவிடும். இதன் அடியில் இருப்பது கிரோப்னர் அடிகள் (சமன்பாட்டுத் தொகுதியைக் கணக்கிட வசதியான வடிவத்துக்கு மாற்றும் முறை), 1965-ல் புரூனோ புக்பெர்கர் தன் முனைவர் பட்ட ஆய்வில் கொண்டுவந்தவை. முதல் இருபது எடுத்துக்காட்டைக் கையால் போடுங்கள், இருபத்தோராவதை இயந்திரத்திடம் கொடுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. பெயரைப் பார்த்துவிட்டு நம் ஊரில் ஆங்கிலக் கல்வித் திட்டம் போட்ட மெக்காலே என்று நினைக்காதீர்கள். இவர் பிரான்சிஸ் மெக்காலே, அவர் கதை கடைசியில் வரும்.

பக்கத்திலேயே இருக்கும் பிரெஞ்சு

நம் பகுதி மாணவர்களுக்குக் கிடைக்கிற ஒரு வசதி மதுரைக்காரருக்கோ கோவைக்காரருக்கோ அவ்வளவு சுலபத்தில் கிடைக்காது. நவீன இயற்கணித வடிவியலின் அடித்தளம் பெரும்பகுதி பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது. 1955-ல் ழான்-பியேர் செர் எழுதிய நீண்ட கட்டுரையும், 1960-லிருந்து குரோத்தெந்திக் தொகுதி தொகுதியாகக் கொண்டுவந்தவையும் அந்த மொழியில்தான் இருக்கின்றன. கணிதம் படிக்க மட்டும் பிரெஞ்சு கற்பது கடினம் இல்லை. சில நூறு சொற்கள், நான்கைந்து வினை வடிவங்கள் போதும். மூன்று மாதம் ஒதுக்கினால் கைவந்துவிடும். புதுச்சேரியில் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் இருக்கிறது. காசு கொடுத்து வகுப்புக்குப் போக முடியாதவர்களுக்கு ரோமன் ரோலன் நூலகம் இருக்கிறது.

எனக்கு வாய்த்தது ஒரு சொல்தா தாத்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நண்பனின் வீட்டுக்கு அடுத்த வீடு. கட்டுரையின் நகலைக் கொடுத்துச் சொற்களுக்குப் பொருள் கேட்பேன். வளையத்துக்கு அன்னோ, மோதிரம் என்று பொருள். களத்துக்கு கோர். அதைக் கேட்டதும் தாத்தா சிரித்துவிட்டார். "கோர்னா உடம்புப்பா. உங்க கணக்குல உடம்பெல்லாம் வருதா?" என்றார்.

பிரெஞ்சு கட்டாயம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆங்கிலத்திலேயே முழு ஆராய்ச்சி வாழ்க்கையையும் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் இந்தத் துறை நம் ஊருக்கு வந்த வழியிலேயே பிரெஞ்சு இருக்கிறது. சென்னை லயோலா கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சுத் துறவி ரேசின் பாதிரியாரிடம் படித்தவர்கள்தான் காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரியும், வட ஆற்காடு தண்டரை கிராமத்து எம்.எஸ். நரசிம்மனும். இருவரும் மும்பை டாடா நிறுவனத்துக்குப் போனார்கள், பிறகு பாரிஸ் போய்வந்தார்கள். 1955-ல் செர் எழுப்பிய ஒரு கேள்விக்கு இரண்டு மாறி வரைக்கும் 1958-ல் விடை சொன்னவர் சேஷாத்ரி. முழு விடையை 1976-ல் குவிலனும் சுஸ்லினும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். 21 வருடம் ஆகியிருக்கிறது. இந்தத் துறையில் ஒரு கேள்வியின் ஆயுள் இப்படித்தான் இருக்கும். 1965-இன் நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் இன்றும் உலகமெங்கும் பாடம். பின்னாளில் சேஷாத்ரி நிறுவியதுதான் சென்னைக் கணிதக் கழகம், இன்று சிறுசேரியில் இருக்கிறது.

தேர்வுகள்

இதை நீட்ட வேண்டியதில்லை, தகவல் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. எம்.எஸ்சி.க்கு: காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட் முதுநிலைத் தேர்வு, ஐஐடிகளுக்கு ஜாம், சிறுசேரிக்கு அவர்களுடைய தனி நுழைவுத் தேர்வு. பிஎச்.டி.க்கு: சிஎஸ்ஐஆர் நெட், கேட், தேசிய உயர்கணித வாரியத்தின் தேர்வு, டாடா நிறுவனத்தின் தேர்வு. முடிந்தவை எல்லாவற்றையும் எழுதுங்கள்.

நெட் தேர்வின் மூன்றாம் பகுதியில் 60 கேள்விகளில் 20-க்கு விடை எழுத வேண்டும், ஒன்றுக்கு 4.75 மதிப்பெண். சரியான விடைகள் ஒன்றுக்கு மேலும் இருக்கலாம், எல்லாவற்றையும் குறித்தால்தான் மதிப்பெண். இங்கேயும் வலப்பக்க நோட்டுதான் காப்பாற்றும், ஏனென்றால் பெரும்பாலான கூற்றுகளை ஓர் எதிர் எடுத்துக்காட்டை வைத்தே தூக்கி எறிந்துவிடலாம். தேர்வுக்கு வேண்டிய வேகத்தை ஆராய்ச்சிக்குள் கொண்டுவராதீர்கள், அவ்வளவுதான்.

தேர்வுகளைவிட நான் வலியுறுத்துவது கோடைப் பள்ளிகளை. எம்டிடிஎஸ் என்ற நான்கு வாரப் பயிற்சி 1993-லிருந்து நடக்கிறது, இளநிலை, முதுநிலை மாணவர்களுக்கானது. அங்கே ஆசிரியர் பேசிக்கொண்டே போகமாட்டார், உங்களைக் கரும்பலகைக்கு இழுத்து வருவார். கடலூரில் தமிழ் வழியில் படித்துவிட்டுப் போன எனக்கு முதல் வாரம் வாயே திறக்கவில்லை. இரண்டாவது வாரம் தப்பும் தவறுமாக ஆங்கிலத்தில் ஒரு நிரூபணம் சொன்னேன். யாரும் ஆங்கிலத்தைத் திருத்தவில்லை, நிரூபணத்தில் இருந்த ஓட்டையைத்தான் திருத்தினார்கள். பிஎச்.டி. சேர்ந்த பிறகு தேசியக் கணித மையம் நடத்தும் அடித்தளப் பள்ளிகளுக்கும் இதே போல விண்ணப்பியுங்கள். பின்னாளில் சேர்ந்து கட்டுரை எழுதப் போகிறவர்களை அங்கேதான் முதலில் சந்திப்பீர்கள்.

நெறியாளர்

நிறுவனத்தின் பெயரைவிட நெறியாளர் முக்கியம். பெரிய பெயருள்ள இடத்தில் மாதம் ஒருமுறை பார்க்கிற நெறியாளரும் உண்டு, சிறிய இடத்தில் தினமும் தேநீர் நேரத்தில் கணக்கு கேட்கிற நெறியாளரும் உண்டு. புதிதாக வருகிறவருக்கு இரண்டாமவர்தான் சரி.

எப்படித் தேடுவது? ஆர்க்கைவ் என்ற முன்வரைவுத் தளத்தில் இவ்விரு துறைகளுக்கும் தனித்தனிப் பிரிவு இருக்கிறது. இந்திய முகவரி உள்ள கட்டுரைகளின் முன்னுரையை மட்டும் இரண்டு மாதம் படித்துவாருங்கள். புரியாது, பரவாயில்லை. யார் எந்த மாதிரிக் கேள்வி கேட்கிறார்கள் என்பது மட்டும் பிடிபடும். அவருடைய மாணவர்கள் எத்தனை பேர், முடித்துவிட்டு எங்கே போனார்கள், தனியாகவும் கட்டுரை எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அவரிடம் இப்போது படிக்கிற மாணவர் ஒருவரிடம் பேசுங்கள். அவர் "நல்லவர்தான்..." என்று இழுத்தால் அந்த இழுப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு மின்னஞ்சல். எனக்கே வாரம் இரண்டு வருகிறது: "மாண்புமிகு ஐயா, தங்கள் ஆராய்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது, தங்கள் கீழ் ஆய்வு செய்ய விரும்புகிறேன்." ஒரே கடிதம் நாற்பது பேருக்குப் போயிருக்கும், இயற்பியல் துறைக்கும் சேர்த்து. பத்து வரிக்குள் எழுதுங்கள். நீங்கள் யார், எங்கே படிக்கிறீர்கள், எந்தப் புத்தகத்தில் எந்த அத்தியாயம் வரை கணக்குப் போட்டிருக்கிறீர்கள், அவருடைய எந்தக் கட்டுரையின் எந்த எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்த்தீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள். மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்கிற கடிதத்துக்குப் பதில் வரும். இரண்டு வாரம் வரவில்லையா, ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

முடிந்தால் நேரில் போய் ஒரு கருத்தரங்க உரை கேளுங்கள். புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்து காலாப்பட்டு வழியாகத்தான் போகிறது. கோவளத்தில் இறங்கி, கேளம்பாக்கம் போய்விட்டால் சிறுசேரி பக்கம்தான். தரமணியில், 1962-ல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. காலையில் கிளம்பினால் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். உரையில் முதல் பத்து நிமிடம்தான் புரியும். பேராசிரியர்களுக்கே கடைசி இருபது நிமிடம் புரிவதில்லை என்பதைத் தெரிந்துகொள்ளப் பல வருடம் ஆயிற்று எனக்கு.

உள்ளே நுழைந்த பிறகு

முதல் வருடம் பாடம், தேர்வு. இரண்டாம் வருடம் கட்டுரை படித்தல். மூன்றாம் வருடம்தான் சொந்தக் கணக்கு. விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. இந்தத் துறையில் ஐந்துக்குக் குறைந்து முடிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

நான் தொலைத்த ஐந்து மாதம் இந்த மூன்றாம் வருடத்தில்தான். மூன்று நாணயத்துக்கு மூன்று சமன்பாடு என்று ஹெர்சோக் சொன்னதைப் படித்ததும், நான்கு நாணயத்துக்கும் ஏதாவது ஓர் எல்லை இருந்தாக வேண்டும் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை. கையால் முப்பது எடுத்துக்காட்டு போட்டேன், எல்லாம் பத்துக்குள் அடங்கின. நிரூபணமும் எழுதினேன், பதினான்கு பக்கம். நெறியாளர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "பிரெசின்ஸ்கி பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை. 1975-லேயே பிரெசின்ஸ்கி காட்டிவிட்டார்: நான்கு நாணயத்துக்கு எல்லையே கிடையாது, எத்தனை சமன்பாடு வேண்டுமென்று கேட்டாலும் அத்தனைக்கு மேல் தேவைப்படும் நான்கு எண்கள் உண்டு. அந்த எண்களை மெக்காலே2-வில் கொடுத்தபோது பத்து நிமிடத்தில் என் பதினான்கு பக்கமும் காலியாயிற்று. தப்பு ஒன்பதாம் பக்கத்தில் "இது எளிதில் தெரியும்" என்று எழுதிய இடத்தில் இருந்தது.

ஆகவே, ஒரு கணக்கில் ஒரு வாரத்துக்கு மேல் செலவாகப் போகிறது என்றால் முதலில் தேடுங்கள். இசட்பி-மேத் என்ற மதிப்புரைத் தளம் 2021-லிருந்து இலவசம். இன்னொரு மதிப்புரைத் தளமான மேத்சைநெட்டுக்கு உங்கள் நிறுவனம் சந்தா கட்டியிருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். அப்புறம் எடுத்துக்காட்டுகளைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் நம்பிக்கைக்கு ஒத்துப்போகிறவற்றையே பொறுக்காதீர்கள். நான் போட்ட முப்பதும் சாதுவான எண்கள்.

கட்டுரை எழுதினால் ஆர்க்கைவில் போட்டுவிட்டு இதழுக்கு அனுப்புங்கள். நடுவர் பதில் வர ஆறு மாதமும் ஆகும், ஒன்றரை வருடமும் ஆகும். ஆசிரியர் பெயர்கள் அகர வரிசையில்தான் வரும், முதல் பெயர் பெரியவர் என்ற கணக்கு இங்கே கிடையாது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது "நீங்கள் முதல் ஆசிரியரா?" என்று வேதியியல் பழக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். அகர வரிசை என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். பணம் கட்டினால் மூன்று வாரத்தில் வெளியிடுகிறோம் என்று வருகிற மின்னஞ்சலை அப்படியே அழித்துவிடுங்கள்.

பணம், வீடு, வேலை

இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப் படி தனி. எந்த உதவித்தொகையானாலும் சில மாதம் தள்ளிப்போய் மொத்தமாக வருவது உண்டு. மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள், வீட்டுக்கு அனுப்புகிற தொகையை முதல் மாதமே பெரிதாகச் சொல்லிவிடாதீர்கள்.

வீட்டில் புரியவைப்பது தனி ஆராய்ச்சி. என் அத்தை ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பார்: "கணக்குல இன்னும் கண்டுபிடிக்க என்னடா இருக்கு? எல்லாந்தான் புக்குலயே போட்டிருக்கானே." ஒருமுறை 2 ரூபாய், 5 ரூபாய் கணக்கைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஒரு ரூபா காசு வச்சுக்கிட்டா தீந்துது" என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சு இன்னும் கடுமையாக வரும், "முடிக்கிறப்போ முப்பது ஆயிடுமே" என்று. பெற்றோரை ஒருமுறை நிறுவனத்துக்கே அழைத்துப்போய் விடுதியையும் நூலகத்தையும் காட்டுங்கள். என்னோடு படித்த ஒருவருக்கு வாதம் செய்து நடக்காதது அப்படி நடந்தது.

பிஎச்.டி. முடிந்ததும் நேராக ஐஐடி வேலை கிடைப்பது அபூர்வம். இரண்டு முதல் நான்கு வருடம் முதுமுனைவர் ஆய்வு, பெரும்பாலும் இரண்டு ஊர், சில சமயம் இரண்டு நாடு. நிரந்தர வேலைக்கு 32, 33 வயது என்று மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காத்திருப்பு குடும்பத்துக்குத் தாங்காது என்றால் அரசுக் கல்லூரி, பள்ளி ஆசிரியர் தேர்வு எழுதிப் போவதில் குறை ஒன்றும் இல்லை. பரிந்துரைக் கடிதம் தரக்கூடிய மூன்று பேரை மட்டும் எந்தப் பாதையானாலும் சம்பாதித்து வையுங்கள். அதில் ஒருவராவது உங்கள் நிறுவனத்துக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும்.

இங்கேதான் அந்த மெக்காலே வருகிறார். பிரான்சிஸ் மெக்காலே லண்டனில் 1885 முதல் 1911 வரை பள்ளிக்கூட வாத்தியார். இந்தத் துறையில் தினமும் உச்சரிக்கிற கோஹன்–மெக்காலே வளையத்தில் பாதிப் பெயர் அவருடையது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே வாரிங் கணக்கை (எந்த எண்ணையும் எத்தனை வர்க்கம், கனம் போன்ற அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம் என்ற கேள்வியை) துளைத்தெடுத்த எஸ்.எஸ். பிள்ளையும் நம் மாவட்டத்தில் இருந்தவர்தான், எண் கோட்பாடு அவருடைய துறை என்றாலும். இப்படி வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்று: வாரத்தில் ஒரு மாலையைக் குறித்துவிடுங்கள். தேர்வுத்தாள், நாக் (கல்லூரித் தரமதிப்பீடு) கோப்பு, மாணவர் சேர்க்கை எது வந்தாலும் அந்த மாலை அதற்குக் கிடையாது. பழைய நண்பர் ஒருவரோடு இணைய வழியில் ஒரு கட்டுரையை வாரத்துக்கு இரண்டு பக்கம் படியுங்கள். மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் நண்பருக்கு அது புதன்கிழமை, ஐந்தரை மணி. அவருடைய கல்லூரியில் எல்லாருக்கும் தெரியும், புதன்கிழமை ஐந்தரைக்கு அவரைக் கூப்பிட்டால் எடுக்கமாட்டார்.